ஒகர, ஓகாரக் குறிகளில் நின்றுவிட்ட மாணவன்: வழிகாட்டுங்கள்

தென்காசி மாவட்டத்தில் ஈராசிரியர் தொடக்கப் பள்ளி ஒன்றில், ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளை ஒரே அறையில் வைத்து, அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி, அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பித்து வருகிறேன். மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஜூன் மாதம் முதல் அரும்பு நிலையிலேயே நிற்கிறான்.

கா, கெ, கே ஆகியவற்றைத் தயங்காமல் படிக்கிறான். ஆனால், எழுத்தின் இருபுறமும் குறி வரும் கொ, கோ வரிசைகளில் முதற்குறியை மட்டும் பார்த்துவிட்டு, பின்னால் வரும் துணைக்காலை (ா) விட்டுவிடுகிறான். 'தோசை' என்பதைத் 'தேசை' என்று படித்துவிட்டு, அப்படியொரு பண்டம் இல்லையென்று அவனே சிரிக்கிறான். மறுமுறையும் அப்படியே படிக்கிறான். பார்த்து எழுதும்போது பிழையில்லை, சொல்வதை எழுதும்போது துணைக்கால் விடுபடுகிறது.

எழுத்தட்டை, மணலில் எழுதுதல், குறிகளுக்குத் தனித்தனி வண்ணம், நன்றாகப் படிக்கும் மாணவியுடன் இணைத்து அமர்த்துதல் என எல்லாவற்றையும் நாள்தோறும் கால் மணி நேரம் வீதம் செய்து பார்த்தேன். வண்ணம் இருக்கும்வரை சரியாகப் படித்தவன், கறுப்பு எழுத்துக்கு மாறியதும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டான். கண் பரிசோதனையில் குறையேதும் இல்லை. அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் கேட்டபோது, பயிற்சியைக் கூட்டுமாறு சொன்னார்கள், கூட்டியும் பயனில்லை.

வண்ணத்தின் துணையிலிருந்து கறுப்பு எழுத்துக்கு இத்தகைய மாணவரைப் படிப்படியாகக் கொண்டுவந்த ஆசிரியர்கள், இடையில் என்ன பயிற்சி கொடுத்தீர்கள்?