ஆர்சி டிராக்கும் புட்டு மாவுப் பதமும்

ரிமோட்டில் இயக்கும் குட்டிக் கார்களான ஆர்சி கார் ஓட்டுகிறவர்கள் டயரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். மண்ணைப் பற்றிப் பேசத்தான் ஆள் கிடைக்காது. கோவைப் பக்கம் நண்பர்களோடு சேர்ந்து ஒரு மண் டிராக்கைப் பார்த்துக்கொள்கிறேன். என்னைக் கேட்டால் பாதி பந்தயம் மண்வெட்டி பிடிக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

எங்கள் இடம் கரிசல். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் சக்கரத்தோடு அப்பிக்கொண்டு வரும். அதனால் மேலே செம்மண் அடித்துத்தான் பாதை போட்டோம். பக்கத்துத் தோட்டத்தில் வரப்பு கட்ட வந்த பெரியவர் ஒருவர், நாங்கள் ஹோஸ் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஏனுங் தம்பி, மேலாப்ல தெளிச்சா புழுதி அடங்கும், மண்ணு இறுகாதுங்க. ராத்திரியே ஊறப் போட்டுடோணும்" என்றவர், ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கினார். உருண்டையாக நின்றது. கட்டைவிரலால் அழுத்தினார், பொலபொலவென்று உதிர்ந்தது. புட்டு மாவுப் பதம்! அந்தப் பதத்தில் திம்மிசு (மண்ணை இடித்து இறுக்கும் கட்டை) போட்டால்தான் மண் கெட்டிப்படும். ஈரம் கூடினால் கட்டையில் ஒட்டும், குறைந்தால் தூளாகும்.

அதிகம் அடிவாங்குவது ஜம்ப் மேட்டைத் தாண்டி வண்டி இறங்கும் இடம். நிஜ வண்டியில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள 1/8 பக்கி மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும். அது திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழுந்தால் குழி விழாமல் என்ன செய்யும்? குழியில் காய்ந்த மண்ணைக் கொட்டி மிதித்துவிட்டுப் போனால் ஒன்றிரண்டு சுற்றிலேயே பொருக்காகப் பெயர்ந்துவிடும். ஓரத்தைக் கொத்திவிட்டு, நனைத்து, புது மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடிக்க வேண்டும். வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கும் இடத்தில் வரிவரியாக மேடு கட்டும். அதைச் சுரண்டி எடுத்தால் போதும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிட்டால் காலையில் விட்ட தண்ணீர் மதியம் இருக்காது. கால்சியம் குளோரைடு தூவலாம் என்பார்கள். காற்றிலிருக்கும் ஈரத்தை அது இழுத்து வைத்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் பேரிங், ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிக்கும். அதற்கு இன்னொரு முறை தண்ணீர் தெளித்துவிட்டுப் போகலாம்.

அப்புறம் மயில்கள். சலித்துப் போட்ட மண்ணாகப் பார்த்து வந்து புழுதிக் குளியல் போடுகின்றன. நாய்களுக்கோ ஈர ஜம்ப்பைத் தோண்டிப் படுத்தால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது. நாய்க்கு வேலி போட்டாயிற்று. மயிலுக்கு யாராவது வழி வைத்திருந்தால் சொல்லுங்கள்.