உகாண்டாவுக்குப் புகையிலை எடுத்துப் போகலாமா?

செல்வி, மன்னார்குடி:
என் வீட்டுக்காரர் கம்பாலாவில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். தை பிறந்ததும் நானும் பிள்ளையும் அங்கே போகிறோம். வடகம், நார்த்தங்காய், கும்பகோணம் சீவல் எல்லாம் கேட்டவர் கூடவே புகையிலையும் நிறைய எடுத்து வரச் சொல்கிறார். இங்கே இருந்தவரை சாப்பிட்டு முடித்ததும் வெற்றிலையோடு ஒரு துண்டு போடுவார், அவ்வளவுதான். இப்போது தனிப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே வேலை பார்க்கிறாராம். அங்கே திருட்டுத்தனமாகத்தான் கிடைக்கிறதாம், விலையும் அதிகமாம். ஏர்போர்ட்டில் பிடிப்பார்களா? சொந்த உபயோகத்துக்கு என்று சொன்னால் விடுவார்களா?

கம்பாலா அண்ணன்:
வேண்டவே வேண்டாம் தங்கச்சி. இங்கே 2015-ல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டு 2016 மே மாதத்தில் இருந்து அமலில் இருக்கிறது. அதில் சிகரெட்டை விட்டுவைத்தார்கள் (அதுவும் 21 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது), ஆனால் மெல்லுகிறது, அடக்குகிறது, மூக்கில் போடுகிறது என்று புகையில்லாத புகையிலை மொத்தத்துக்கும் தடை. தயாரிக்கவும் விற்கவும் கூடாது, நாட்டுக்குள் கொண்டுவரவும் கூடாது. சொந்த உபயோகம் என்ற பேச்சை நம்பிக் கைப்பிள்ளையோடு சுங்கத்தில் போய் நிற்காதீர்கள். இந்தச் சட்டத்தை எதிர்த்து பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ என்ற பெரிய சிகரெட் கம்பெனியே கோர்ட்டுக்குப் போனது, 2019-ல் தள்ளுபடி ஆகிவிட்டது.

எனக்கு வெட்கமாக இருப்பது வேறு விஷயம். இங்கே பேர் கெட்டுப்போன 'குபேர்' பொட்டலம் இந்தியச் சரக்கு. வாய் மணக்கப் போடுவது என்று சின்ன உறையில் விற்றார்கள், உள்ளே புகையிலை என்று தெரியாமலே பள்ளிக்கூடப் பிள்ளைகள் உதட்டுக்கு அடியில் வைத்துப் பழகினார்கள். தடைக்குப் பிறகும் மறைத்து விற்கத்தான் செய்கிறார்கள். அதை வாங்கித்தான் உங்கள் வீட்டுக்காரர் போடுகிறார் என்று நினைக்கிறேன்.

வேதாரண்யத்தான்:
எங்கள் பக்கம் புகையிலைதான் பயிர். மணலில் கிணறு வெட்டிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த இலை, என் படிப்புச் செலவே அதில் வந்ததுதான், அதனால் விவசாயியைக் குற்றவாளி மாதிரி யாராவது பேசினால் எனக்கு ஆகாது. உகாண்டாவிலும் வெஸ்ட் நைல் பக்கம் புகையிலை பயிராகிறது, இருந்தும் அவர்கள் நாடு முழுக்க ஒரே சட்டமாகப் போட்டுவிட்டார்கள். நம் மாநிலத்தில் 2013-ல் இருந்து குட்காவுக்கும் மெல்லும் புகையிலைக்கும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருஷா வருஷம் ஆணை போடுகிறார்கள், 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. இவ்வளவுக்கும் நடுவில் பெட்டிக்கடையில் தெரிந்த முகமாக இருந்தால் கேட்டதும் எடுத்துத் தருகிறான். தடை என்றால் பயிர் வைத்தவனுக்கு மாற்று வழியும் சொல்ல வேண்டும், அது அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

நர்ஸ் அக்கா, கும்பகோணம்:
சட்டத்தை விடு செல்வி. எந்நேரமும் அடக்குகிறார் என்றாயே, எந்தக் கன்னத்தில் என்று கேள். அந்த இடத்தில் வெள்ளையாகத் திட்டு இருக்கிறதா, காரம் பட்டால் எரிகிறதா, மூன்று விரல் நுழைகிற அளவுக்கு வாய் திறக்கிறதா? எங்கள் கிளினிக்குக்கு வருகிற நடவு ஆட்களில் பல பேர் சோறு உருட்டி வைக்க வாய் திறக்காத பிறகுதான் வருகிறார்கள்.

செல்வி:
இடது பக்கம் அக்கா. ரசம் பட்டாலே எரிகிறது என்று போன வாரம்தான் சொன்னார், வாய்ப்புண் என்று நினைத்துவிட்டோம். புகையிலை எடுத்துப் போகவில்லை. சீவல் மட்டும் போதும் என்று சொல்லட்டுமா?

நர்ஸ் அக்கா, கும்பகோணம்:
சீவலும் வேண்டாம்மா. வாய் இறுகிப்போவதற்குப் பாக்குதான் முக்கியக் காரணம், புகையிலை மாதிரியே அதுவும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். நீ போகிறவரை காத்திருக்காமல் அங்கேயே பல் டாக்டரிடம் இந்த வாரமே காட்டச் சொல். நிறுத்தினால் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும், முதல் சில நாள்தான் மோசம். நிக்கோட்டின் சூயிங் கம் அவருக்குச் சரிப்படுமா என்று அதே டாக்டரிடம் கேட்கச் சொல். புகையிலையை விட உதவுகிற நம் நாட்டு இலவச எண் 1800 11 2356, நீயே கூப்பிட்டு வீட்டில் எப்படித் துணையாக இருப்பது என்று கேட்டுக்கொள்.