கோத்தகிரியில் காணாமல் போய்த் திரும்பி வந்த போர்வை

எடுத்த பொருளைத் துவைத்து, கிழிசலைத் தைத்து, மடித்து அலமாரியில் திருப்பி வைத்துவிட்டுப் போன திருடனைப் பற்றி யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கோத்தகிரியில் எங்கள் தையல் குழுவில் அப்படி ஒன்று நடந்தது. போன வருடம், ஐப்பசி மழையில்.

வியாழக்கிழமை மதியம் நாங்கள் சில பெண்கள் ஒரு பழைய ஹாலில் கூடி குவில்ட் தைக்கிறோம். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மேலே வெட்டுத்துணிகளை ஒட்டுப்போட்ட அடுக்கு, நடுவில் பஞ்சு, அடியில் முழுத் துணி. மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல் போட்டு இறுக்கினால் அதுதான் குவில்ட். நாங்கள் தைத்துக்கொண்டிருந்தது ஒன்பது சதுர வகை. துணியை நாலரை அங்குலத்துக்கு வெட்டி, சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால் சதுரம் நாலு அங்குலமாக நிற்கும். மூன்றுக்கு மூன்று வைத்துத் தைத்தால் ஒரு அடிக் கட்டம். அப்படி முப்பது கட்டம் சேர்த்தால் ஐந்தடிக்கு ஆறடிப் போர்வை. ஒரு முதியோர் இல்லத்துக்குக் கம்பளி வாங்க ஏலம் விடுவதாக இருந்தோம்.

குழுவை நடத்துவது டீச்சர். ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். அளப்பதும் வெட்டுவதும் நிறம் பார்த்து அடுக்குவதும் அவர் வேலை. துவைக்காத துணியில் கத்திரி படக்கூடாது என்பது அவருடைய சட்டம். பருத்தி சுருங்கும், சாயம் இறங்கும், இரண்டையும் வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்பார். ஒரே ஒரு சிவப்புச் சுங்குடி மட்டும் கடைசி நேரத்தில் வந்து, அவசரத்தில் துவைக்காமலே உள்ளே போய்விட்டது.

ஓரப்பட்டி மட்டும் பாக்கி என்ற நிலையில் ஒரு வியாழன் சாயங்காலம் போர்வையை மடித்துப் பின்னறை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினோம். டீ போடுவது, பஜ்ஜி சுடுவது எல்லாம் அந்த அறையில்தான். அடுத்த வியாழன் வந்து பார்த்தால் மேசை காலி.

சாவி மூன்று பேரிடம் இருந்தது. ஒன்று டீச்சரிடம், ஒன்று சிஸ்டரிடம். சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி இல்லை, ஓய்வு பெற்ற நர்ஸ். மூன்றாவது சாவி, வியாழன் காலையில் வந்து ஹாலைப் பெருக்கித் துடைக்கும் ஆயாம்மாவிடம்.

டீச்சர் அன்றைக்கு வரவில்லை. சளி, காய்ச்சல் என்று சொல்லியிருந்தார். கூடவே கண் ஆபரேஷன் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. "அவங்களுக்குத் தெரிஞ்சா பிரஷர் ஏறிடும், சொல்லாதீங்க" என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம். பெரியவர்களிடம் கெட்ட செய்தியை மறைப்பது நம் வழக்கம்தானே. மீதி இருந்தது இரண்டு சாவி. சிஸ்டரை யாரும் கேட்கவில்லை.

ஆயாம்மாவின் பெற்றோர் 1964-ம் வருட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தவர்கள். நீலகிரியில் அப்படி வந்த குடும்பங்கள் ஏராளம். அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்கள் விரிந்ததே அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். இங்கே வளர்ந்து, இங்கேயே பேரப்பிள்ளை எடுத்த பிறகும் "சிலோன்காரங்க" என்ற பேச்சு மட்டும் போகவில்லை. எங்காவது ஒரு பொருள் காணோம் என்றால் பேச்சு முதலில் அந்தப் பக்கம்தான் திரும்பும். அன்றும் திரும்பியது. எங்களில் ஒருவர் ஆயாம்மா காதில் விழும்படியே, "சாவியை யாருக்கு வேணா கொடுத்தா இப்படித்தான்" என்று சொன்னார். ஆயாம்மா ஒன்றும் பேசவில்லை. இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். இதை எழுதும்போதுகூட எனக்கு நெஞ்சு எரிகிறது.

அதற்கு அடுத்த வியாழன் போர்வை அலமாரியில் இருந்தது. அழகாக மடித்து, மேலே ஒரு பழைய துண்டு போர்த்தி.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பயந்து திருப்பி வைத்துவிட்டாள் என்று ஒருவர். "சாவிதான் போன வாரமே மேசைக்கு வந்துடுச்சே, அப்புறம் எப்படி உள்ள வந்து வைப்பா?" என்று நான் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. சிஸ்டர்தான் போர்வையைக் கையில் எடுத்தார். விரிக்கவில்லை. முதலில் முகர்ந்தார். அப்புறம் குப்புறத் திருப்பிப் போட்டார்.

அந்தப் பழக்கம் அவருக்குத் தோடர் பெண்களிடமிருந்து வந்தது. வேலையில் இருந்த காலத்தில் தடுப்பூசிப் பெட்டியோடு மந்து மந்தாகப் போனவர். மந்து என்றால் தோடர் குடியிருப்பு. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக அவர்கள் போடும் பூத்தையலைப் பார்த்து நெசவு என்று நினைப்பவர்கள் அதிகம். அது முழுக்க ஊசி வேலை. கோடு வரைவதில்லை, சட்டத்தில் மாட்டுவதில்லை. இழைகளை எண்ணிக்கொண்டே துணியின் பின்பக்கத்திலிருந்து போடுவார்கள். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை. அந்தப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த சிஸ்டருக்கு, எந்தத் தையலையும் பின்னால் திருப்பிப் பார்த்தால்தான் நிம்மதி. "முன்பக்கம் எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க" என்பார்.

திருப்பியதும் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. சுங்குடிச் சதுரங்களை ஒட்டிய வெள்ளைத் துணியெல்லாம் லேசாக ரோஸ் நிறம் ஏறியிருந்தது. அதாவது போர்வை தண்ணீரில் நன்றாக ஊறியிருக்கிறது. சோப்பு வாசனைக்கு அடியில் கடலை எண்ணெய் வாசனை, பஜ்ஜி சுடும் அதே எண்ணெய். ஒரு மூலையில் இரண்டு சதுரங்களின் மேல் புதுத் துணி வைத்து, சுற்றி ஹெம்மிங் போட்டு மூடியிருந்தது. தையல் மூன்று அடுக்கையும் தாண்டி அடித்துணி வரை வந்திருந்ததால் பின்னால் தெளிவாகத் தெரிந்தது. நல்ல தையல். ஒரே அளவு, ஒரே இறுக்கம்.

சிஸ்டர் அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், பக்கத்துக் கட்டத்தையும் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார். "இது சாயுற பக்கத்தைப் பாரு" என்றார் என்னிடம். வலது கைக்காரர் ஹெம்மிங் போட்டால் தையல் ஒரு பக்கமாகச் சாயும். இடது கைக்காரர் போட்டால் அதற்கு நேர் எதிர்ப் பக்கம். நாங்கள் ஹெம்மிங் போட்டிருந்த இடங்களில் எல்லாம் ஒரே சாய்வு. இந்த ஒட்டில் மட்டும் எல்லாமே மறுபக்கம் சாய்ந்திருந்தது. எங்கள் குழுவில் தைக்கிறவர்கள் அத்தனை பேரும் வலது கை. ஆயாம்மாவும் வலது கைதான், துடைப்பம் பிடிக்கும்போது பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்த ஊசி. ஒட்டுக்குப் பக்கத்தில் பஞ்சுக்குள் ஒளிந்திருந்தது, கையில் குத்தியதால் கிடைத்தது. ஊட்டி–குன்னூர் சாலையில் எல்லநள்ளியில் 1949-லிருந்து ஊசித் தொழிற்சாலை இருக்கிறது. போனி ஊசி அங்கேதான் தயாராகிறது, நாங்கள் வாங்குவதும் அதுதான். குவில்ட்டுக்குக் குட்டை ஊசி எடுப்போம், ஒன்பது அல்லது பத்தாம் நம்பர். நம்பர் ஏற ஏற ஊசி சன்னமாகும், காதும் சிறுத்துக்கொண்டே போகும். கிடைத்ததோ நீள ஊசி, கம்பளி நூல் கோக்கிற அளவுக்குப் பெரிய காது. அதில் சாதாரணத் தையல் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

ஊசி பளபளவென்று இருந்தது. இங்கே இருப்பவர்களுக்கு அதன் அர்த்தம் உடனே புரியும். நீலகிரி முழுக்க ஒரே மழை இல்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி ஆடியில் கொட்டும். கோத்தகிரி தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருப்பதால் எங்களுக்கு ஐப்பசி கார்த்திகைதான் பெருமழை. அந்த நாளில் தீப்பெட்டி நமுக்கும், உப்பு கசியும், துணியில் குத்தி வைத்த ஊசி சில நாளிலேயே பழுப்பேறும். ஆக, இந்த ஊசி ஓரிரு நாளுக்குள் குத்தியது. காய்ந்த போர்வையும் அப்போதுதான் வந்திருக்க வேண்டும்.

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் பின்னறைக்குப் போனேன். எண்ணெய் டின் புதுசு. அந்த மாதம் நாங்கள் புது டின் வாங்கவே இல்லை. பின்கதவுக்கு வெளியே ஒரு சாக்கு தொங்கியது. முன்பு அங்கே சாக்கு கிடையாது. தூக்கிப் பார்த்தேன். கதவுப் பலகையில் இடுப்பு உயரத்திலிருந்து கீழ் வரைக்கும் ஆழமான கீறல்கள், பக்கத்துப் பக்கத்தில் ஐந்து. மரத்தூள்கூட ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கோத்தகிரிக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கரடி! கோயில் கதவை உடைத்து விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும். பேக்கரி, சத்துணவுக்கூடம் எதையும் விடாது. மோப்பம் அப்படி. காட்டெருமை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரும், ஒதுங்கி நின்றால் பெரும்பாலும் அதுபாட்டுக்குப் போய்விடும். கரடி அப்படி இல்லை, கையை வைத்துவிடும்.

சரி, கரடி எண்ணெயைக் கொட்டிப் போர்வையைக் கிழித்தது. கரடி துவைக்காதே! துவைத்துத் தைத்த இடது கை யாருடையது? நூல் கோக்கப் பெரிய காது தேவைப்படும் கண் யாருடையது? சிஸ்டரும் நானும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டீச்சர் தைத்து நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. வெட்டுவார், அளப்பார், வலது கையால் கணக்கு எழுதுவார். ஊசியை மட்டும் எங்கள் முன்னால் தொட்டதில்லை. அவர் முதல் நாள்தான் ஆபரேஷனுக்காகக் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

திரும்பி வந்தபோது கறுப்புக் கண்ணாடி. டீ கொடுத்துவிட்டு சிஸ்டர் நேராகவே கேட்டார்: "டீச்சர், நீங்க இடது கையா?"

டீச்சர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன்: "சின்னப் பிள்ளையா இருக்கும்போது இடது கையில பென்சில் பிடிச்சா முட்டியில ஸ்கேலால அடிப்பாங்க. எழுத வலது கை பழகிட்டேன். ஊசி மட்டும் பழக வரல. நாலு பேர் முன்னால இடது கையால தைக்க இன்னைக்கும் கூச்சமா இருக்கு. சனிக்கிழமை காலையில வந்து பார்த்தா பின்னறை முழுக்க எண்ணெய், போர்வை ஒரு மூலை கிழிஞ்சு கிடக்கு. அன்னைக்குச் சாயங்காலம் பின்கதவுத் தாழ்ப்பாளைப் போடாம விட்டது நான்தான். உங்க எல்லாரோட உழைப்பு. ஆபரேஷனுக்குப் போறதுக்குள்ள சரி பண்ணிடணும்னு எடுத்துட்டுப் போனேன். இந்த மழையில எங்க காயுது? கரி அடுப்புக்கு மேல கூடையைக் கவுத்து, அதுமேல போட்டுக் காய வெச்சேன். வியாழனுக்குள்ள முடியல. உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார் சிஸ்டர். சொல்லிவிட்டு, ஆயாம்மா விஷயத்தையும் சொன்னார். அதுவரை டீச்சருக்கு அது தெரியாது. நாங்கள்தான் மறைத்திருந்தோமே.

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். கண்ணில் தூசி படக்கூடாது, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று நாங்கள் தடுத்தும் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து, என்னையும் கூட்டிக்கொண்டு ஆயாம்மாவின் லைன் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடியே நடந்ததை எல்லாம் சொன்னார். ஆயாம்மா உட்காரச் சொல்லி வரக்காப்பி கொடுத்தார். ஆனால் முகம் இளகவில்லை. "நீங்க என்ன தப்பு பண்ணுனீங்க டீச்சர்? நீங்க என்னை ஒண்ணும் சொல்லலையே. சொன்னவங்க இங்க வரல" என்றார். டீச்சர் சாவியை நீட்டினார். ஆயாம்மா கையை நீட்டவில்லை. அவர் செய்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன்.

போர்வை ஏலத்துக்குப் போனது. ரோஸ் படிந்த வெள்ளைச் சதுரங்களை மாற்றலாமா என்று பேச்சு வந்தது, வேண்டாம் என்று விட்டுவிட்டோம். ஏலத்தில் கரடிக் கதையையும் சொல்லித்தான் விற்றோம். கம்பளிகளுக்குப் போதுமான பணம் கிடைத்தது. பின்கதவுக்குத் தகரம் அடித்தாயிற்று, எண்ணெய் இப்போது சிஸ்டர் வீட்டிலிருந்து தூக்குவாளியில் வருகிறது. டீச்சர் வியாழக்கிழமைகளில் தைக்கிறார். அந்தக் கையின் வேகத்துக்கு எங்களில் யாரும் பக்கத்தில் வர முடியாது.

ஆயாம்மாவைச் சொன்னவர் சில வாரம் இழுத்தடித்தார். ஏதோ பேச்சுவாக்கில் வந்தது, மனதில் வைத்துச் சொல்லவில்லை என்றார். "அப்ப அதையும் அவங்க முகத்தைப் பார்த்தே சொல்லுங்க" என்று டீச்சர் பிடிவாதமாக நின்றார். கடைசியில் ஒரு வியாழன் காலை, ஆயாம்மாவின் லைன் வீட்டுக்கே போய், பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மன்னிப்புக் கேட்டார். ஆயாம்மா முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னார். அன்று மதியம் ஹாலுக்கு வந்து சாவியை வாங்கிக்கொண்டார்.