நம் ஊர்க் கவிஞருக்கு நாம் செய்யக்கூடியது

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கையர் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்த் தங்கையின் முதல் கவிதைத் தொகுப்பு வந்திருக்கிறது என்று நம் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் அண்ணன் எழுதியதிலிருந்து வாழ்த்துகள் குவிகின்றன. ஆண்டு விழாவில் பொன்னாடை, கேடயம், கூடவே ஒரு பட்டமும் கொடுக்கலாம் என்று சிலர் சொல்லியிருக்கிறீர்கள். அவளைக் கௌரவிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. பட்டம் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் கவிதை எழுத வருகிறவருக்கு முதல் சோதனை இதழ்கள்தான். சிற்றிதழுக்கோ இணைய இதழுக்கோ அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பல நேரம் பதிலே வராது. இப்படிச் சில ஆண்டுகள் போன பிறகு ஒரு தொகுப்புக்குத் தேவையான கவிதைகள் சேரும். அப்புறம் பதிப்பகம் தேட வேண்டும். கவிதை நூல் விற்காது என்று தயங்குகிற பதிப்பாளர்களே அதிகம். அவர்களையும் குறை சொல்ல முடியாது, சில நூறு பிரதிகள் விற்கவே நாளாகும். அதனால்தான் பலர் கைக்காசு போட்டு முதல் நூலைக் கொண்டுவருகிறார்கள். ஜனவரி மாதச் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி நூல்கள் மொத்தமாக வரும்போது, புதுப் பெயர் ஒன்று அந்தக் கூட்டத்தில் கண்ணில் படுவதே பெரிய காரியம். நம் தங்கையின் நூலும் இந்தத் தடைகளைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. ஆனால் அவள் பணம் கட்டவில்லை. கவிதைகளைப் படித்துப் பார்த்துப் பதிப்பாளரே வெளியிட்டிருக்கிறார். என்னைக் கேட்டால், அவளுக்குக் கிடைத்த முதல் விருது அதுதான்.

புதுக்கவிதையின் கதையைப் பார்த்தாலும், கவிஞர்களைத் தாங்கிப் பிடித்தவர்கள் வாசகர்கள்தான் என்பது தெரியும். எழுத்தாளர் சி. சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' என்ற சிற்றிதழைத் தொடங்கினார். 1962இல் 24 கவிஞர்களின் கவிதைகளைத் தேர்ந்து 'புதுக்குரல்கள்' என்ற தொகுப்பாகப் போட்டார். ஊர் ஊராகப் புத்தகங்களைச் சுமந்துபோய் விற்றதும் அவரேதான். கவிஞர் ஆத்மாநாமை எடுத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்தபோது வந்தது 1981இல் 'காகிதத்தில் ஒரு கோடு' என்ற ஒரே தொகுப்பு. 1984இல் இறந்தபோது வயது 33. பிறகு கவிஞர் பிரம்மராஜன் அவருடைய கவிதைகளைத் தேடித் திரட்டிப் பதிப்பித்தார். இன்றைய இளைஞர்கள் ஆத்மாநாமைப் படிக்கிறார்கள் என்றால் அந்த உழைப்புக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

சாகித்ய அகாடமி விருது இவளுக்குக் கிடைக்குமா என்று பெரியப்பா கேட்டிருந்தார். இளம் எழுத்தாளர்களுக்கென்றே அகாடமி 2011 முதல் யுவ புரஸ்கார் விருது வழங்குகிறது. 35 வயதுக்கு மேற்படாதவர்களுக்கானது. 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும் தருவார்கள். தமிழில் நாவல், சிறுகதை, கவிதை எல்லாம் ஒரே விருதுக்குத்தான் போட்டியிடுகின்றன. ஆனாலும் கவிஞர்கள் பெற்றிருக்கிறார்கள். 2013இல் கதிர்பாரதி, 2019இல் சபரிநாதன் நினைவுக்கு வருகிறார்கள். தங்கைக்கு வயது இருக்கிறது. அறிவிப்பு வரும்போது நூலை அனுப்பச் சொல்லலாம், தவறில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது குமரகுருபரன் விஷ்ணுபுரம் விருது. 2016இல் மறைந்த கவிஞர் குமரகுருபரன் நினைவாக விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் என்ற வாசகர் அமைப்பு இளம் கவிஞர்களுக்கு வழங்குவது. சபரிநாதனுக்கு அகாடமி விருதுக்கு முன்பே, 2017இல், இது கிடைத்துவிட்டது. அந்த விழாவில் மாலை மரியாதையோடு நிறுத்திக்கொள்வதில்லை, விருது பெறுகிறவரின் கவிதைகளை எடுத்து வைத்துப் பேசுகிறார்கள். ஒரு இளம் கவிஞருக்கு இதைவிட என்ன வேண்டும்? கனடாவில் இருப்பவர்களுக்குத் தமிழ் இலக்கியத் தோட்டத்தைத் தெரிந்திருக்கும். 2001இல் தொடங்கிய அந்த அமைப்பு, வாழ்நாள் இலக்கியப் பணிக்கான இயல் விருதோடு கவிதைக்கும் பரிசு தந்து வருகிறது. வெளிநாட்டில் வாழும் தமிழர்கள் ஒன்றுகூடி இலக்கியத்துக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு நல்ல முன்மாதிரி.

இன்னொரு வகை விருதும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. பதிவுக் கட்டணம் கட்டினால் பட்டமும் சான்றிதழும் வீடு தேடி வரும். நூல் வந்த சில வாரங்களிலேயே தங்கைக்கும் இப்படி ஓர் அழைப்பு வந்திருக்கிறது. அவள் மறுத்துவிட்டாள், சந்தோஷம். நாம் அன்போடு கொடுக்கும் பட்டம் அந்த வகை இல்லைதான். ஆனால் அவளுடைய தன்விவரக் குறிப்பில் அது இடம்பெறும்போது, வாசிக்கிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பட்டம் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

நூலை இரண்டு முறை படித்துவிட்டேன். முற்பகுதியில் பழக்கப்பட்ட குரல் கொஞ்சம் கேட்கிறது, முதல் தொகுப்பில் அது இயல்பு. பாதிக்கு மேல் வரிகள் குறுகுகின்றன, சொல்லாமல் விடுவது கூடுகிறது. கடைசிப் பத்துப் பன்னிரண்டு கவிதைகளில் வேறு யாருடைய சாயலும் இல்லை. அந்த இடத்திலிருந்துதான் இரண்டாம் தொகுப்பு தொடங்கும் என்று நம்புகிறேன். முதல் நூலோடு நின்றுபோன கவிஞர்கள் தமிழில் ஏராளம். வேலை, குடும்பம், யாரும் படிக்கவில்லை என்ற சோர்வு, எல்லாம் சேர்ந்து நிறுத்திவிடுகிறது. அந்தச் சோர்வை மட்டுமாவது நம்மால் குறைக்க முடியும்.

ஆகவே என் யோசனை இது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிரதி வாங்குவோம். இலவசப் பிரதி கேட்க வேண்டாம், பதிப்பகத்துக்கே பணம் அனுப்புவோம். அடுத்த இணையவழிக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இந்த நூலுக்கு ஒதுக்குவோம். ஆளுக்கு ஒரு கவிதையை வாசித்து, பிடித்ததையும் பிடிபடாததையும் அவளிடமே சொல்வோம். கேடயத்துக்கும் மேடைக்கும் ஒதுக்க நினைத்த தொகையை, அவள் இலக்கிய முகாம்களுக்குப் போய்வரவும் வேண்டிய புத்தகங்கள் வாங்கவும் கொடுக்கலாம். அடுத்த நூலை அச்சிட நாம் பணம் தர வேண்டாம். அதையும் ஒரு பதிப்பாளர் படித்து ஏற்றுக்கொள்ளட்டும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. சங்க மலருக்கு வாழ்த்துக் கவிதை எழுதிக் கொடு என்று யாரும் அவளைக் கேட்க வேண்டாம். சொந்தத் தங்கைதானே என்ற உரிமையில் கேட்டுவிடுவோம், அவளால் மறுக்கவும் முடியாது.

பிரதி வேண்டுவோர் இந்த மாத இறுதிக்குள் எனக்கு எழுதுங்கள். எந்த நாட்டுக்கு எத்தனை என்று தொகுத்துப் பதிப்பகத்திடம் பேசி, அனுப்பும் செலவையும் கேட்டுச் சொல்கிறேன். வாசிப்புக் கூட்டத்துக்குத் தேதி குறிக்கும் பொறுப்பைச் செயலாளர் அண்ணன் எடுத்துக்கொண்டால் நல்லது. ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு நள்ளிரவு ஆகிவிடாமல் பார்த்து வையுங்கள் அண்ணா.

அன்புடன்,
உங்கள் தம்பி