தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் புதுக் குடிநீர்க் குழாய் எப்போது வரும்? உங்கள் ஊர் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லோகோ லைன்வாசி:
எங்களுடையது ஒரு ஜங்ஷன் ஊர். நீராவி இன்ஜின் காலத்து வார்ப்பிரும்புக் குழாய்தான் போன வருடம் வரை ஓடியது. அன்றைக்கு ஸ்டேஷன், ஷெட், நாலைந்து தெரு, அவ்வளவுதான். இன்றைக்கு ஏரிக்கரை வரை பிளாட் போட்டு விற்றாகிவிட்டது; குழாய் மட்டும் அதே குழாய். வெட்டி எடுத்த ஒரு துண்டைப் பார்த்தேன். வெளியே ஆறு அங்குலம். உள்ளே துரு முடிச்சு முடிச்சாகக் கட்டி, இரண்டு விரல் நுழையும் ஓட்டைதான் மிச்சம். கடைசித் தெருவில் குடம் நிறைய அரைமணி ஆனதில் ஆச்சரியமே இல்லை. இப்போது கறுப்பு எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய் பதித்துவிட்டார்கள், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வரை. அந்தப் பக்கம் மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது. எல்லா ஊரிலும் இப்படித்தானா?

ஓய்வுபெற்ற சைட் சூப்பர்வைசர்:
குறுக்கே போகிற அந்தக் கொஞ்ச தூரம்தான் சார் மொத்த வேலையிலும் பெரிய வேலை. தெருவைத் தோண்டுகிற மாதிரி லைனைத் தோண்ட முடியாது. வரைபடம் கொடுத்து, ரயில்வேக்குப் பணம் கட்டி, இரு தரப்பும் சேர்ந்து இடம் பார்த்த பிறகுதான் அனுமதி. அப்புறம் ஒரு பக்கம் குழி வெட்டி, ஜாக்கி வைத்துப் பெரிய உறைக் குழாயை மண்ணுக்குள் தள்ளுவார்கள். மேலே ரயில் மெதுவாகப் போய்க்கொண்டுதான் இருக்கும். தண்ணீர்க் குழாய் அந்த உறைக்குள் போகும். வெறுமனே புதைத்தால், கசிகிற இடத்தில் கரை மண் அரித்து லைன் உட்கார்ந்துவிடும். ரயில்வே கறாராக இருப்பதில் தப்பே இல்லை. ஊர்த் தெருவை எல்லாம் தோண்டி முடித்துவிட்டு, கடைசியில் விண்ணப்பம் அனுப்புகிறார்களே, அவர்களைத்தான் கேட்க வேண்டும். முதலில் போக வேண்டிய காகிதம் அது.

ஏலகிரி அடிவாரம்:
எங்கள் ஜோலார்பேட்டையில் குழாய் போட்ட வேகத்தையும் பார்த்தோம். 2019இல் சென்னைக்குத் தண்ணீர் ரயில் விடுவதற்காக, மேட்டுசக்கரகுப்பம் தொட்டியிலிருந்து பார்சம்பேட்டை ரயில்வே கேட் வரை மூன்றரை கிலோமீட்டருக்கு மளமளவென்று குழாய் பதித்தார்கள். ஜூலை 12ஆம் தேதி 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் வில்லிவாக்கம் கிளம்பியது. அத்தனையும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரித் தண்ணீர். சென்னை மேல் வருத்தமில்லை, தாகம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் மனசு வைத்தால் எவ்வளவு சீக்கிரம் முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துபோனது.

மேட்டுத்தெரு அக்கா:
எங்கள் தெருவுக்குப் புதுக் குழாய் வந்துவிட்டது. இனி வரப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதல் சில நாள் கலங்கலாகத்தான் வரும், தொட்டியில் ஏற்றாமல் வெளியே விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் இருக்கிற பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயையும் பார்த்துக்கொள்ளுங்கள். புது அழுத்தம் தாங்காமல் எங்கள் பாத்ரூம் குழாய் வளைவில் இருந்த எல்போ இணைப்பு பிய்த்துக்கொண்டு, விடியற்காலையில் வீடெல்லாம் வெள்ளம். முக்கியமாக, தெருக்குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சாதீர்கள். குழாயில் தண்ணீர் குறைந்த நேரத்தில் உறிஞ்சினால், கசிகிற இணைப்பு வழியே சாக்கடைத் தண்ணீரும் உள்ளே வந்துவிடும். பழக்கதோஷத்தில் இங்கே சிலர் இன்னும் மோட்டாரை எடுக்கவில்லை. சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள்.

லோகோ லைன்வாசி:
சூப்பர்வைசர் சார், இன்றைக்குப் போய் விசாரித்தேன். விண்ணப்பமே போன மாதம்தான் போயிருக்கிறதாம்.