மறுமொழி: ‘மின்கைத்தடை’ வேண்டாம், ‘தரிப்புத் தடுப்பு’ என்போமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஆளியை இழுத்தால் மோட்டரே நின்ற காரைப் பிடித்துவைக்கும் electronic parking brake-க்கு, நம் கலைச்சொற் பட்டியலில் ‘மின்கைத்தடை’ என்ற முன்மொழிவை ஏற்பதில் எனக்கு இரண்டு தயக்கங்கள் உள்ளன. ஆளியை ஒரு விரலால் இழுத்தால் போதும் என்றான பிறகு கைக்கு அதில் பெரிய வேலையில்லை. இது சிறிய தயக்கம். ‘மின்தடை’ என்று காதில் விழுந்தவுடன் திருகோணமலையில் எவரும் கரண்ட் நின்றுவிட்டது என்றே எண்ணுவர், பாடப்புத்தகம் படித்தவருக்கோ ஓமில் அளக்கும் தடை நினைவுக்கு வரும் என்பதுதான் பெரியது.

என் முன்மொழிவு ‘இலத்திரனியல் தரிப்புத் தடுப்பு’. ஓடும் வண்டியை நிறுத்துவது கால்தடுப்பின் வேலை. நின்ற வண்டியை நின்ற இடத்திலேயே வைத்திருப்பது இதன் வேலை. பஸ் தரிப்பிடம், வாகனத் தரிப்பிடம் என்று நாம் அன்றாடம் வாசிக்கும் சொல்லிலேயே அந்தப் பொருள் இருக்கிறது. தமிழ்நாட்டு நண்பர்கள் ‘இலத்திரனியல்’ என்பதை ‘மின்னணு’ என்று மாற்றிக்கொள்ளட்டும்; அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

பழுதுகளின் பெயரில்தான் பிடிவாதம். சரிவில் நிற்கும் வண்டியைப் பிடிக்காமல் விடுவதும், புறப்படும்போது சில்லை விடாமல் பிடித்திருப்பதும் நேரெதிரான பழுதுகள். ‘செயலிழப்பு’ என்ற ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுகிறது. முன்னதைப் ‘பற்றாமை’ என்றும் பின்னதை ‘விடாமை’ என்றும் பிரிக்கலாம். கோணேசர் கோயில் ஏற்றத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்தவருக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

உப்புவெளியில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் எங்கள் காருக்கு வந்தது விடாமை. பின்பக்க வலச் சில்லு அசையவே இல்லை. கராஜில், தடுப்புக்கட்டைகளை (brake pad) இருபுறமும் அழுத்திச் சில்லைப் பிடிக்கும் கலிப்பரோடு (caliper) பொருத்தியிருந்த சிறிய மோட்டரின் இணைப்பைக் கழற்றியபோது ஊசிகளில் வெளிர்பச்சைக் களிம்பு பூத்திருந்தது. “ஐயா, மோட்டர் நல்லா இருக்கு, கரண்ட்தான் போய்ச் சேரேல்ல” என்றார் வேலை செய்த தம்பி. இணைப்பில் நேர்வது செம்பின் களிம்பு. கலிப்பருக்குள் திருகு இறுகிப்போவது இரும்பின் துரு. ஆங்கிலம் இரண்டையும் ‘corrosion’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கினாலும் தமிழில் அப்படி அடக்கத் தேவையில்லை என்பதால், ‘களிம்பேற்றம்’, ‘துருவேற்றம்’ என இரண்டையும் பட்டியலில் சேர்க்கக் கேட்கிறேன்.

மற்றக் காரணங்களுக்குப் புதுச்சொல் அதிகம் வேண்டியிராது. 12 வோல்ட் பற்றரி தளர்ந்தால் கட்டுப்பாட்டலகு கட்டளையை ஏற்காமல் விடக்கூடும். மோட்டருக்குள் பிளாஸ்டிக் பற்சில்லின் பல் உடைந்தால் சத்தம் மட்டும் கேட்கும், தடுப்பு பற்றாது. கம்பிவடம் இழுக்கும் வகையில் வடம் நைந்துபோகும். தடுப்புக்கட்டை மாற்றும்போது மோட்டரைப் பின்வாங்கச் செய்யாமல் கலிப்பரின் உந்தியை (piston) பலவந்தமாக உள்ளே தள்ளுவதும் ஒரு காரணம். அந்தப் பின்வாங்கிய நிலையைப் ‘பராமரிப்பு நிலை’ என்றே சொல்லலாம்.

எஞ்சியிருப்பது கலிப்பர். ‘இடுக்கி’ என்று எழுதிப் பார்த்தேன். கராஜில் அதைச் சொன்னபோது அந்தத் தம்பி ஆணி பிடுங்கும் குறடை எடுத்து நீட்டினார். வேறு சொல் உங்களிடம் உண்டா?