ஓடையிலும் குளத்திலும் பிடித்து வந்த மீன், பெயர் தெரியாமல் வளர்த்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

ஓடைக்கரை

ஏழு மாதமாக மனதில் கிடக்கிறது. குளத்து ஓரம், ஆகாயத்தாமரை விலகிய இடத்தில் தண்ணீர் சிவந்து கொதிப்பது போல் இருந்தது. குனிந்து பார்த்தால் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள். நக நீளம்தான், செங்கல் நிறம். இப்படி ஒரு வண்ண மீன் நம் குளத்திலேயே இருக்கிறதே என்ற பரபரப்பில் கைவலையை ஒரே வீச்சாகப் போட்டேன். முப்பதுக்கு மேல் வந்தன.

வலையைத் தூக்கும்போது கீழிருந்து ஏதோ ஒன்று வளையத்தை முட்டியது. மறுபடியும் முட்டியது. கறுத்த முதுகு, என் முழங்கை நீளம் இருக்கும். நான் வாளியோடு கரையில் நடக்க நடக்க அதுவும் கரையை ஒட்டியே வந்தது. படித்துறை வந்ததும் நான் ஏறிவிட்டேன். அது அங்கேயே தலையை என் பக்கம் வைத்து நின்றது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

சில வாரத்தில் சிவப்பு போய்விட்டது, உடம்பில் பட்டை விழுந்தது. விரால் என்று அப்போதுதான் தெரிந்தது. முப்பதில் மிஞ்சியது இரண்டு. மற்றவற்றை அவையே தின்றன. இரண்டும் ஒரு சாண் தாண்டிவிட்டன, தொட்டி மூன்றடி. அந்தப் பெரிய மீன் நின்ற நிலைதான் கண்ணிலேயே இருக்கிறது.

மணல்தொட்டி

என்னுடையது அயிரை. எல்லோருக்கும் தெரிந்த மீன்தானே, இதில் என்ன அனுபவம் என்று நினைக்காதீர்கள்.

ஐந்து அயிரையைச் சரளைக்கல் போட்ட தொட்டியில் விட்டேன். இரண்டாம் நாள் ஒன்றை இடம் மாற்ற வலையில் எடுத்தேன். திருப்பிக் கவிழ்த்தால் விழவில்லை. முகத்தாலேயே வலையில் தொங்கியது. உதறினேன், இன்னும் சிக்கியது. கண்ணுக்குக் கீழே தோலுக்குள் மடிந்திருக்கும் இரட்டை முள் ஒன்று அதற்கு உண்டு. பயந்தால் அதை விரிக்கும். அது வலைக்கண்ணில் மாட்டியிருக்கிறது. கடைசியில் தண்ணீருக்குள்ளேயே வைத்து வலையைக் கத்தரியால் வெட்டி எடுத்தேன். கண்ணோரம் கிழிந்திருந்தது. மூன்று நாள்தான் உயிரோடு இருந்தது.

அதற்கப்புறம் அயிரையை நான் வலையால் தொடுவதில்லை. டம்ளரை வைத்து ஓட்டிப் பிடிப்பேன். சரளையை எடுத்துவிட்டு நைசான ஆற்று மணல் போட்டேன். போட்ட அன்றே நாலும் தலைகீழாகப் பாய்ந்து புதைந்தன. கண்கள் மட்டும் எட்டு, மணல் மேல். அத்தனை நாளும் அவை ஒளிய இடமில்லாமல் மூலையில் ஒட்டிக் கிடந்திருக்கின்றன. நான் அதைச் சாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. அவ்வப்போது விருட்டென்று மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு இறங்கும். தண்ணீர் கெட்டுவிட்டது என்று பதறி நான் அடிக்கடி தண்ணீர் மாற்றினேன். அயிரை குடலாலும் மூச்சுவிடும் இனம். இதன் அறிவியல் பெயரில் வரும் 'தெர்மாலிஸ்' என்ற சொல், திருகோணமலை கன்னியா வெந்நீர் ஊற்றில் கிடைத்த மீனை வைத்து 1846ல் இட்டது. சுடுநீரில் ஆக்சிஜன் குறைவு. அங்கே வாழ்ந்த மீனுக்கு இந்த வழக்கம் எவ்வளவு உதவியிருக்கும் என்று இப்போது புரிகிறது.

கெண்டைக்கண்

ஓடைக்கரை, அது விரால்தானா? வாலடியில் கண் போல ஒரு புள்ளி, அதைச் சுற்றி வெளிர் வளையம் இருந்ததா பாருங்கள். இருந்தால் அது சன்னா மருலியஸ் என்ற வேறு இனம், இன்னும் பெரிதாகும். 'விரால்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் ஒன்றும் தெரியாது.

என் கதை சின்னது. ஓடையில் பிடித்த கெண்டைக்குஞ்சு ஆறு. உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை, துடுப்பில் சிவப்பு. எந்தப் படத்தோடும் பொருந்தவில்லை. புது இனமாக இருக்குமோ என்றுகூட இரண்டு மாதம் நம்பினேன், பலரிடம் சொல்லியும்விட்டேன். அப்புறம் பட்டைகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. வாலுக்கு முன்னால் நீள்வட்டமான ஒரே ஒரு கறுப்பு மட்டும் நின்றது. ஒரு வருடம் போன பின் ஒரு விடியற்காலையில் விளக்குப் போடாமல் பார்த்தேன். இரண்டு ஆண்கள் பக்கவாட்டில் நின்று முதுகுத் துடுப்பை விரித்தன. துடுப்பிலிருந்து நூல் நூலாகக் கதிர்கள் நீண்டிருந்தன. டாகின்சியா ஃபிலமென்டோசா. தென்னிந்திய ஆறுகளில் சாதாரணமாகக் கிடைப்பதுதான். குஞ்சுக்கும் பெரியதற்கும் சம்பந்தமே இல்லாதது போல் இருக்கும். டாகின்சியா என்ற இந்தப் பேரினப் பெயரே 2012ல்தான் வந்தது. இலங்கையின் ரோஹன் பெத்தியகொடவும் உடன் ஆய்வாளர்களும் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸைச் சிறப்பிக்க வைத்தார்கள். அதற்கு முந்தைய புத்தகங்களில் பன்டியஸ் என்றே இருக்கும். நான் பழைய பெயரையும் புதிய பெயரையும் இரண்டு மீன் என்று எண்ணிக் குழம்பியது தனிக்கதை.

நிறத்தை நம்பாதீர்கள். பிடித்த மீன் பயத்தில் வெளுத்திருக்கும். மீசை எத்தனை, வாய் மேல்நோக்கியா கீழ்நோக்கியா, பக்கக்கோட்டில் செதில் எத்தனை, இதைப் பாருங்கள். ஒடுக்கமான கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பக்கவாட்டில் படம் எடுங்கள். எந்த ஆற்றின் எந்தக் கிளையில் பிடித்தீர்கள் என்று அன்றே எழுதி வையுங்கள்.

நீர்முள்ளி

ஓடைக்கரை அண்ணா, வருத்தப்படாதீங்க. இரண்டையும் அதே குளத்தில் விட்டுவிடுங்கள். பிடித்த இடம்தானே.

எனக்கு நடந்தது தேளி. கெளுத்திக்குஞ்சு என்று நினைத்து வெறுங்கையால் தூக்கினேன். மார்புத் துடுப்பு முள் பெருவிரலில் ஏறியது. தோள்பட்டை வரை இழுத்தது, பேச்சு வரவில்லை. பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைக்கச் சொன்னார் டாக்டர். வைத்த சில நிமிடத்தில் வலி இறங்கியது, வெளியே எடுத்தால் திரும்பி வந்தது. முதுகுத் துடுப்பு நுனியளவு சின்னதாகவும் அடித்துடுப்பு வால் வரை நீளமாகவும் இருந்தால் கையை வைக்காதீர்கள்.

பாசித்தொட்டி

நீர்முள்ளி சொன்னதை யாரும் செய்யாதீர்கள். பிடித்த இடம்தானே என்பது பெரிய தவறு. ஏழு மாதம் வீட்டுத் தொட்டியில் இருந்த மீன், பிடித்தபோது இருந்த அதே மீன் அல்ல. அதோடு வேறு நாட்டு மீன் இருந்திருக்கும், இல்லையென்றால் அந்த வலை, அந்தக் குழாய், அந்தச் செடி வேறு தொட்டியிலிருந்து வந்திருக்கும். புழு, ஒட்டுண்ணி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. டேங்க் கிளீனர் என்று வாங்கிய சக்கர் மீன் தென்னக நீர்நிலைகளில் நிறைந்தது எப்படி? பெரிதாகிவிட்டது, பாவம், விட்டுவிடுவோம் என்று யாரோ நினைத்ததுதான் தொடக்கம்.

நான் இதை அனுபவித்துச் சொல்கிறேன். ஓடையிலிருந்து கொண்டுவந்த ஒரே ஒரு கெண்டை, விலாவில் நூல் போல ஏதோ தொங்கியது. பாசி என்று நினைத்து நேராகப் பெரிய தொட்டியில் விட்டேன். அது நங்கூரப் புழு என்ற ஒட்டுண்ணி. மூன்று மாதம் போராடி, பாதி மீன் போனது.

அதனால் புதிதாகப் பிடிப்பவர்களுக்குச் சொல்கிறேன். குறைந்தது நாலு வாரம் தனித்தொட்டி. முதல் வாரம் ஆசனவாயில் சிவப்பு நூல் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தினமும் பாருங்கள், அது உட்புழு. செதிலில்லாத மீனுக்கு, அதாவது கெளுத்தி, தேளி வகைக்கு, செம்பு கலந்த மருந்தை முழு அளவில் ஊற்றாதீர்கள். ஆரலுக்கும் அதே கவனம் வேண்டும். தூரத்திலிருந்து பையில் வந்த மீன் என்றால் பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதில் விடாதீர்கள். பைக்குள் சேர்ந்த கரியமில வாயு காரத்தன்மையைக் குறைத்து வைத்திருக்கும், அதனால் அம்மோனியா அடங்கியிருக்கும். திறந்ததும் வாயு வெளியேறும், காரம் ஏறும், அதே அம்மோனியா விஷமாகும். வெப்பத்தைச் சமப்படுத்தி, மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீர் வேண்டாம். குருணைத் தீவனத்தை ஓடையில் வளர்ந்த மீன் உணவென்றே அறியாது. கொசுப்புழு, நறுக்கிய மண்புழுவில் தொடங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர் தெரியாத மீனை நான்கைந்துக்கு மேல் எடுக்காதீர்கள். மிஸ் கேரளா என்ற டெனிசன் கெண்டை, மேற்குத் தொடர்ச்சி மலையின் சில ஆறுகளில் மட்டும் உள்ளது, அலங்கார மீனாக அள்ளி அள்ளியே ஆபத்துப் பட்டியலுக்குப் போனது.

நீர்முள்ளி

அவர் தொட்டியில் வேறு மீனே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றடித் தொட்டியில் விராலை எத்தனை வருடம் வைப்பது? அதற்குப் பதில் சொல்லவில்லையே நீங்கள்.

பாசித்தொட்டி

பெரிய சிமென்ட் தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுக்கலாம். குளத்தில் விடுவது மட்டும் வேண்டாம்.

இரவுமீன்

சண்டைக்கு நடுவில் என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். பனையேறி மீன். நடு இரவில் தரையில் ஏதோ உரசும் சத்தம். விளக்கைப் போட்டால் தொட்டியிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, செவுள்மூடியைத் தரையில் ஊன்றி ஊன்றி நகர்ந்துகொண்டிருந்தது. ஈரமே இல்லை, மேலெல்லாம் தூசி. தண்ணீரில் விட்டதும் ஒன்றும் நடக்காதது போல் நீந்தியது. தரங்கம்பாடியில் ஒருவர் இந்த மீனைப் பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் பிடித்ததாக எழுதி, அது 1797ல் லண்டனில் அச்சாகியிருக்கிறது. மரம் ஏறுமா என்பதில் இன்றும் பலருக்குச் சந்தேகம் உண்டு. தரையில் நடப்பதை நான் பார்த்தேன்.

மறுநாள் இனி குதிக்கவே கூடாது என்று கண்ணாடி மூடியை இறுக்கி, தண்ணீரையும் விளிம்பு வரை நிரப்பினேன். ஏர் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, போதும் என்று நினைத்தேன். மாலையில் மூடிக்கு அடியில், மூக்கை மேலே வைத்து, செத்திருந்தது. பனையேறி மேலே வந்து காற்றைக் குடித்தே ஆக வேண்டும், செவுள் மட்டும் அதற்குப் போதாது. கரையில் பிழைத்த மீனை நான் தண்ணீரில் மூச்சுமுட்ட வைத்துக் கொன்றிருக்கிறேன். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடம் விடுங்கள். விராலுக்கும் அப்படித்தான்.

ஓடைக்கரை

கெண்டைக்கண், இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். வாலடியில் கண்புள்ளி இல்லை, விரால்தான். தண்ணீரை நாலு விரல் இறக்கிவிட்டேன். குளத்தில் விடவில்லை. சிமென்ட் தொட்டி உள்ள ஒருவரிடம் பேசியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போவதாகச் சொன்னார்.